கத்தியில்லாச் சுன்னத்துக் கருவிகள்: எடைபோட்டுப் பார்ப்பது எவ்வாறு?

சுன்னத்து என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது சிறுவர்களின் நினைவே. புத்தாடை, மாலை, விருந்து, ஊரில் ஒஸ்தா, இந்நாட்டில் தோக் மூடிம் என்று அதற்கென ஒரு வழக்கம் இருந்தது. இன்று அது பெரும்பாலும் டாக்டர் கைக்குச் சென்று விட்டது. ஆயினும் வயது வந்தபின் சுன்னத்து செய்து கொள்வோரும் நம்மிடையே உளர். இஸ்லாத்தைத் தழுவிய சகோதரர்கள் இவர்களில் முதன்மையானவர்கள். அத்தகைய அன்பர் ஒருவர் கடைக்கு வந்து, "கத்தியும் தையலும் இல்லாமல் ஒரு வளையத்தை மாட்டியே முடித்து விடலாமாமே, பாய்! அது நல்லதுதானா?" என்று கேட்டால், நாம் என்ன பதில் சொல்வோம்? கூச்சப்பட்டு வாய்மூடி இருப்பதும் தவறு. விளம்பரத்தை நம்பித் தலையாட்டுவதும் தவறு. மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்க. கருவியின் தரத்தை அறியும் முறையை மட்டும் இப்பாடத்தில் காண்போம்.

1. இக்கருவிகள் ஏன் பெருகின?

ஆப்பிரிக்காவில் மூன்று இடங்களில் பெரிய பரீட்சைகள் நடைபெற்றன. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு பார்ம் பகுதியில் நடந்ததன் முடிவு 2005-ல் வெளிவந்தது. கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய இடங்களின் முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றும் வாய்ப்பு, சுன்னத்து செய்து கொண்டவர்களிடம் சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தது. இது முழுப் பாதுகாப்பன்று. எனினும் பெரும் பயன். ஆகவே 2007-ல் உலக சுகாதார ஸ்தாபனம், அந்நோய் மிகுந்தும் சுன்னத்து வழக்கம் குறைந்தும் உள்ள நாடுகளில் வயது வந்த ஆண்களுக்கு இதைச் செய்யுமாறு பரிந்துரைத்தது.

இலட்சக்கணக்கானவர்களுக்குச் செய்ய வேண்டும். அறுவை வைத்தியர்களோ குறைவு. எனவே, குறைந்த நேரத்தில், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரே செய்யத்தக்க கருவிகளைப் பலரும் தேடலாயினர்.

2. கருவி வேலை செய்யும் விதம்

பெரும்பாலான கருவிகளின் அடிப்படை ஒன்றே. நுனித்தோலை இரு வளையங்களுக்கு இடையே இறுக்கிப் பிடித்தால் அதற்கு இரத்த ஓட்டம் நின்று விடும். இதற்கு மேல் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், தோலை அப்படியே விட்டு, அது உயிரற்றுக் காய்ந்தபின் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளையத்தோடு வெட்டி எடுப்பர். மற்றொன்றில், வளையத்தை மாட்டிய அன்றே தோலை வெட்டி நீக்குவர். இரத்தம் வராமல் தடுக்க வளையம் மட்டும் ஒரு வாரம் இருக்கும்.

'கத்தியில்லாமல்' என்ற சொல்லை இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் மரத்துப் போகும் ஊசியும் உண்டு, வெட்டுதலும் உண்டு. இல்லாதது தையல் மட்டுமே. முதல் வகையிலும் இறுதியில் வெட்டுதல் உண்டு. ஆறவேண்டிய புண்ணும் உண்டு.

3. நேரத்தை மட்டும் எண்ணலாகாது

முதல் வகையைச் சேர்ந்தது பிரிபெக்ஸ் என்னும் கருவி. ருவாண்டாவில் 217 ஆண்களைக் கொண்டு இதனை அறுவை முறையோடு ஒப்பிட்டனர். அறுவைக்கு ஏறக்குறைய 15 நிமிடம் சென்றது. கருவிக்கு 3 நிமிடமே போதுமாயிற்று. இதைக் கேட்டவுடன் கருவியே சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லி விடலாம். ஆனால் அதே பரீட்சையில், புண் முற்றிலும் ஆற அறுவை முறையில் சுமார் 23 நாளும், கருவி முறையில் சுமார் 38 நாளும் ஆயின. மிச்சமான நிமிடங்கள் டாக்டருடையவை. கூடிய நாட்களோ நோயாளியுடையவை. யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன செலவு என்று இரு பத்தியிலும் எழுதிப் பார்ப்பதுதானே நம் கணக்கு முறை!

4. சிறிய பரீட்சைக்குத் தெரியாத அபாயம்

பிரிபெக்ஸ் 2013-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தர அங்கீகாரம் பெற்றது. பின்னர் பல நாடுகளில் ஏராளமானவர்களுக்கு அதைப் பொருத்தியபோதுதான் ஒரு விபரீதம் தெரிய வந்தது. சிலருக்கு ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய் கண்டது, உயிர்களும் போயின. அறுவை முறையிலும் இந்நோய் வருவதுண்டு. இம்முறையிலோ அபாயம் அதிகம். உயிரற்ற தோல் ஒரு வாரம் உடலோடு ஒட்டியிருக்கிறது. காற்றுப் புகாத அவ்விடம் மண்ணிலும் தூசியிலும் உள்ள அக்கிருமிக்கு ஏற்ற விளைநிலமாகி விடுகிறது. ஆகவே, 2016-ல் அந்த ஸ்தாபனம், இவ்வகைக் கருவியைப் பொருத்துமுன் டெட்டனஸ் தடுப்பூசி இருமுறை போட்டிருக்க வேண்டும் என்று அறிவித்தது. இரு ஊசிகளுக்கும் இடையே 4 வாரமும், இரண்டாவது ஊசிக்குப் பின் 2 வாரமும் செல்ல வேண்டும். மூன்று நிமிட வேலைக்கு ஆறு வார ஆயத்தம்!

முதற் பரீட்சைகளில் இது ஏன் தெரியவில்லை? கணக்கு எளிது. 300 பேருக்குச் செய்து ஒருவருக்கும் தீங்கு நேராவிட்டாலும், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு வரை அபாயம் மறைந்திருக்கக் கூடும். ஆயிரத்தில் ஒருவருக்கோ பத்தாயிரத்தில் ஒருவருக்கோ நேரும் தீங்கு, பயன் பரவிய பின்னரே வெளிப்படும். ஆகவே, அங்கீகாரம் கிடைத்த பிறகும் தீங்குகளைப் பதிவு செய்து வருவது அவசியம்.

5. சிறுவர்க்கு நன்றானது பெரியவர்க்கும் நன்றா?

தாரா கிளாம்ப் என்னும் பிளாஸ்டிக் கருவி மலேசியாவில் உருவானது; இங்கே சிறுவர்களின் சுன்னத்துக்குப் பெரிதும் பயன்பட்டது. இதனைத் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு பார்மில் வாலிபர்களிடம் பரீட்சித்தனர். யாருக்குக் கருவி, யாருக்கு அறுவை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். குலுக்கலின் பொருள் யாதெனில், விரும்பியவர்க்கு விரும்பியதைக் கொடுத்து, பின் கிடைத்த நன்மையைக் கருவியின் கணக்கில் ஏற்றி விடக் கூடாது என்பதே. 2009-ல் வெளிவந்த முடிவின்படி, கருவியால் செய்யப்பட்ட 32 பேரில் 12 பேருக்குத் தீங்கு நேர்ந்தது. அறுவை செய்யப்பட்ட 29 பேரில் ஒருவருக்கே நேர்ந்தது. எண்ணிக்கை சிறிதாயினும் வேறுபாடு மிகப் பெரிது. அப்படியிருந்தும் 2010-ல் குவாசுலு-நட்டால் மாநில அரசு அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கவே, மருத்துவர்களும் நோயாளர் இயக்கத்தினரும் வன்மையாக ஆட்சேபித்தனர்.

நம் நாட்டில் பிறந்த பொருள் என்ற அபிமானம் நமக்கு இருக்கலாம், அது ஆதாரமாகாது. சிறுவர் உடல் வேறு, பெரியவர் உடல் வேறு. எந்த வயதினர்க்குப் பயன்படுத்துகிறோமோ, அந்த வயதினரிடம் பரீட்சித்திருக்க வேண்டும்.

இதற்கு மாறான உதாரணம் சீனாவில் தோன்றிய ஷாங்ரிங். இது இரண்டாம் வகை. கென்யாவிலும் ஜாம்பியாவிலும் வயது வந்தோரிடம் குலுக்கல் முறையில் ஒப்பிட்டனர். அறுவைக்குச் சுமார் 20 நிமிடமும் கருவிக்குச் சுமார் 7 நிமிடமும் சென்றன. தீங்குகள் இரண்டிலும் ஏறக்குறையச் சமமே. புண் ஆறச் சில நாட்கள் கூடுதலாயின. 2015-ல் அங்கீகாரமும் கிடைத்தது. கருவி என்பதாலேயே வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

6. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

அ. இக்கருவியின் பெயர் என்ன? உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் உண்டா?

ஆ. பெரியவர்களிடம், அறுவை முறையோடு ஒப்பிட்டுப் பரீட்சித்துள்ளனரா?

இ. தாங்கள் இதுவரை எத்தனை பெரியவர்களுக்குச் செய்துள்ளீர்கள்?

ஈ. டெட்டனஸ் ஊசி எப்போது போட வேண்டும்?

உ. வளையம் நகர்ந்து விட்டால், இரவு நேரமாயினும் உடனே பார்க்கக் கூடிய அறுவை வைத்தியர் இருக்கிறாரா?

ஊ. வளையம் கழற்றும் கட்டணமும், பின்னர் வந்து காட்டும் கட்டணமும் சேர்ந்ததா, தனியா?

நாமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. நீரிழிவு, இரத்தம் எளிதில் உறையாத நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, நுனித்தோல் பின்னே வாராத நிலை ஆகிய எதனையும் மறைக்கலாகாது. இவற்றில் சில இருந்தால் கருவி பொருந்தாது, அறுவையே தக்கது.

வளையம் வலித்தாலும் நகர்ந்தாலும் தாமே கழற்றக் கூடாது. உடனே டாக்டரிடம் செல்க. எம்முறையில் செய்தாலும் குறைந்தது ஆறு வாரமேனும் தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும். ஆறாத புண் வழியே நோய் எளிதில் தொற்றும்.

வாடிக்கையாளர் ஒருவருக்குப் புதுச் சரக்கைக் கொடுக்குமுன் மூட்டையைப் பிரித்துக் கையிலெடுத்துப் பார்ப்பவர்கள் நாம். நம்மை நம்பி வந்து கேட்கும் சகோதரருக்கும் அவ்வளவு கவனம் செலுத்துதல் நம் கடமை. மேற்கண்ட ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள்.