முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?



ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் அழுதார். அவருடைய 3 மாதக் குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முதுகில் நீர் எடுக்க டாக்டர் கையெழுத்து கேட்டார். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும், கையெழுத்து போடாதே" என்று மாமியார் தடுத்துவிட்டார். ஒரு நாள் வீணானது. குழந்தை பிழைத்தது, ஆனால் காது சரியாகக் கேட்கவில்லை. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவர் அழுதார்.

ஏன் எடுக்கிறார்கள்?
மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. மூளைக்காய்ச்சல் வந்தால் அது இந்த நீரில் தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்ய இந்தப் பரிசோதனை உதவும்.

கால் போய்விடுமா?
தண்டுவடம் முதுகின் அடி வரை வருவதில்லை, மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழேதான் ஊசி போடுகிறார்கள். எடுப்பது அரை ஸ்பூன் அளவு. உடம்பே அதை மறுபடி சுரந்துகொள்ளும். சில நாள் வலி இருக்கலாம். கால் பாதிப்பது மிக மிக அரிது.

ஸ்கேன் எதற்கு?
கைக்குழந்தைக்கு அந்த இடம் மிகச் சிறியது. விரலால் தடவிப் பார்த்துத்தான் குத்துவார்கள். சில நேரம் நீர் வராது, அல்லது ரத்தம் கலந்து முடிவு குழம்பும். அதனால் சில ஆஸ்பத்திரிகளில் கட்டில் அருகிலேயே ஸ்கேன் வைத்துப் பார்க்கிறார்கள். நாம் கர்ப்பமாக இருந்தபோது ஜெல்லி தடவிப் பார்த்த அதே ஸ்கேன்தான், கதிர்வீச்சு கிடையாது. தண்டுவடம் எங்கே முடிகிறது, நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து, பேனாவால் குறி வைத்துக் குத்துவார்கள். அமெரிக்காவில் 6 மாதத்துக்கு உட்பட்ட 128 குழந்தைகளிடம் நடந்து, 2017ல் வெளியான ஆய்வில், ஸ்கேன் பார்த்தபோது முதல் குத்திலேயே 100க்கு 58 பேருக்குச் சரியாக வந்தது. பார்க்காதபோது 31 பேருக்குத்தான்.

ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் மறுத்துவிடாதீர்கள். அது இல்லாமலும் பல காலமாக எடுக்கிறார்கள்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்
- காய்ச்சலோடு வலிப்பு
- பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது
- உச்சிக்குழி புடைப்பது
- கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி

டாக்டரிடம் கேளுங்கள்
- எதற்காக எடுக்கிறீர்கள்?
- வலி தெரியாமல் இருக்க மருந்து உண்டா?
- முடிவு வரும் முன்பே மருந்து தொடங்குவீர்களா?

கேட்பது நம் உரிமை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தாமதிக்க வேண்டாம்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் 6, 10, 14 வாரத் தடுப்பூசி விட்டுப்போன குழந்தை உண்டா? மூளைக்காய்ச்சல் கிருமி ஒன்றை அதுவும் தடுக்கிறது. இந்த வாரமே கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்துப் போவோம்.