வழுவா? வழுவமைதியா?

திரைப்படத்தில் ஒரு பாத்திரம் தவறாக ஒன்றைப் பேசிவிடுகிறது. படம் பார்த்தவர்களில் ஒரு சாரார், "வசனம் எழுதியவர் அறியாமல் செய்த பிழை" என்கின்றனர். மற்றொரு சாரார், "இல்லை, தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார்" என்கின்றனர். திண்ணையிலும் பேருந்திலும் இத்தகைய வழக்குகள் ஓய்வதில்லை. இதனை வீண் பேச்சு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு பிழையை எவ்வாறு ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது. அப்பாடத்தை இக்கட்டுரையில் காண்போம்.

இலக்கணம் காட்டும் வழி

வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் நாம் நன்னூலில் கற்கிறோம். முறைப்படி அமைவது வழாநிலை. முறை தவறுவது வழு. முறை தவறியிருந்தும், தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும்.

வீட்டுப் பசு மேய்ச்சலிலிருந்து திரும்பியதும், "எங்கள் லட்சுமி வந்துவிட்டாள்" என்கிறோம். பசு அஃறிணை; "வந்துவிட்டது" என்பதே முறை. ஆயினும் அன்பின் மிகுதியால் உயர்திணையாகக் கூறுவதால் அது வழுவமைதி. திணை அறியாத மாணவி ஒருத்தி விடைத்தாளில் "பசு வந்தாள்" என்று எழுதினால் அது வழுவே. இரண்டிலும் தவறு ஒன்றுதான். வேறுபாடு காரணத்தில் இருக்கிறது. ஆகவே, "தவறு உண்டா?" என்று கேட்பதோடு நில்லாமல், "ஏன் நேர்ந்தது?" என்றும் கேட்க வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்துள்ளனர்.

தமிழ்த் திரையில் சில சான்றுகள்

தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். இன்று பார்ப்பவருக்கு இது பெரும் பிழையாகத் தோன்றலாம். ஆனால் கவனக்குறைவால் நேர்ந்தது அன்று. தமிழ் சரளமாகப் பேச வராத நடிகரை வைத்துக்கொண்டு, தெரிந்தே செய்த ஏற்பாடு.

நம் செஞ்சிக் கோட்டையை ஆண்டு 1714-இல் போரில் மாண்ட வீரனின் பெயர் தேஜ் சிங். மக்கள் நாவில் அது 'தேசிங்கு' ஆயிற்று. எம்.ஜி.ஆர். நடித்து 1960-இல் வெளிவந்த படத்திற்கும் 'ராஜா தேசிங்கு' என்றே பெயர். அதனைப் பிழை என்று எவரும் திருத்த முனையவில்லை. நெடுநாள் வழக்கு அதற்கு அமைதி தந்துவிட்டது.

1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் பிழை பற்றிய வழக்கே கதையாக வருகிறது. ஏழைப் புலவன் தருமி, இறைவன் தந்த பாடலைப் பாண்டியன் அவைக்குக் கொண்டு செல்கிறான். நக்கீரர் அதில் பொருட்குற்றம் காண்கிறார். படத்தை எழுதி இயக்கிய ஏ.பி. நாகராஜனே நக்கீரராகவும் நடித்தார். தருமியாக வந்த நாகேஷ், கோயிலில் தனியே புலம்பும் காட்சியில், எழுதிக் கொடுக்காத சொற்களைத் தாமே சேர்த்துப் பேசினார் என்பது திரையுலகில் நன்கு அறியப்பட்ட செய்தி. எழுத்தோடு ஒப்பிட்டால் அவை பிசகிய சொற்கள். ஆயினும் பரிசுக்கு ஏங்கும் ஏழையின் தடுமாற்றத்திற்கு அவை பொருந்தின, இயக்குநரும் ஏற்றுக்கொண்டார். திரைப்படம் பலர் கைபட்டு உருவாவது. எனவே "வேண்டுமென்றே செய்ததா?" என்று கேட்கும்போது, எழுதியவரா, நடித்தவரா, படமாக்கியவரா, யாருடைய எண்ணம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகளைக் கடந்த வழக்கு

மேற்கண்டவற்றில் காரணம் எளிதில் புலப்படுகிறது. அவ்வாறு புலப்படாத வழக்கு ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' என்னும் படம் 1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதில் ஹான் சோலோ என்னும் விண்கல ஓட்டியாக ஹாரிசன் ஃபோர்டு நடித்தார். தன் கலத்தின் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசும் சோலோ, ஒரு பயணத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்கும் குறைவில் முடித்ததாகக் கூறுகிறான்.

பார்செக் என்பது நேரத்தின் அளவு அன்று, தொலைவின் அளவு. "எங்கள் பேருந்து எவ்வளவு வேகம் தெரியுமா? அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு இத்தனை கிலோமீட்டரில் போய்விட்டது!" என்பது போன்றது சோலோவின் பேச்சு.

பூமி சூரியனைச் சுற்றி வருவதால், அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ள விண்மீன்களுக்கு முன்னே சற்று இடம் மாறியது போல் தோன்றும். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்குக் கோணமாகத் தெரியுமோ, அத்தொலைவே ஒரு பார்செக். அது ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு, அதாவது சுமார் 31 லட்சம் கோடி கிலோமீட்டர். 1913-இல் ஹெர்பர்ட் ஹால் டர்னர் என்னும் வானியலார் இப்பெயரை முன்மொழிந்தார். பெயரின் ஈற்றில் உள்ள 'செக்' என்பது கோணத்தின் மிகச் சிறு கூறினைக் குறிக்கும். காதுக்கு அது விநாடி போல் ஒலிப்பதே மயக்கத்திற்குக் காரணம்.

ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். அவர்கள் காட்டும் சான்றுகள் மூன்று.

முதலாவது, படப்பிடிப்புக்கென எழுதிய திரைக்கதை. சோலோ வெளிப்படையான தவறு ஒன்றைச் சொல்லி மயக்கப் பார்க்கிறான் என்றும், அதைக் கேட்ட முதியவர் கெனோபியின் முகம் மாறுகிறது என்றும் அதில் குறிப்பு உள்ளது. இதன்படி, அவன் வீண் பெருமை பேசுகிறான். எழுதியவர் தெரிந்தே எழுதினார்.

இரண்டாவது, படம் வருவதற்கு முன்னரே, 1976 நவம்பரில், லூகாஸ் பெயரில் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதி வெளிவந்த கதைநூல். அதில் இவ்விடத்தில் நேர அளவே காணப்படுகிறது. நேரத்தைச் சொல்ல வந்த இடத்தில் பிழை புகுந்ததோ என்னும் ஐயத்தை இது எழுப்புகிறது.

மூன்றாவது, லூகாஸ் பிற்காலத்தில் தந்த விளக்கம். விண்வெளியில் ஆபத்துகளை ஒட்டிக் குறுக்குவழி கண்டு தூரத்தைக் குறைப்பதே திறமை. ஆகவே தொலைவைச் சொன்னது சரி என்பது அது. 2018-இல் வெளிவந்த 'சோலோ' என்னும் படம் அக்குறுக்குவழிப் பயணத்தையே காட்சியாக்கியது.

இவற்றை எவ்வாறு எடைபோடுவது? முதல் இரண்டும் படம் வெளிவருமுன் எழுதப்பட்டவை. அப்போது வழக்கே எழவில்லை. மூன்றாவது, குறை சொல்லப்பட்ட பின் வந்தது. மேலும் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சோலோ வாய்ச்சவடால் பேசினான் என்றால் குறுக்குவழி தேவையில்லை. குறுக்குவழி உண்மையானால் அவன் சொன்னதில் தவறில்லை, கெனோபி முகம் மாறவும் காரணமில்லை. 2018-ஆம் ஆண்டுப் படம் நல்ல கற்பனையாக இருக்கலாம். 1977-இல் எழுதியவர் என்ன எண்ணினார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. திரைக்கதைக் குறிப்பு நேரடியாகப் பேசுவதால், 'தெரிந்தே எழுதியது' என்னும் கட்சியே நமக்கு வலுவாகத் தோன்றுகிறது. எனினும் கதைநூல் குறுக்கே நிற்பதால் முடிந்த முடிபாகக் கூறுவதற்கில்லை.

நாம் கற்பது

மாணவியரே, இனி ஒரு பிழையைக் கண்டால் நான்கு வினாக்களைக் கேட்போம். முதலில், அது உண்மையில் பிழைதானா? அடுத்து, பேசுவோரின் இயல்புக்கு அது பொருந்துகிறதா? அருகிலிருப்பவர் அதனைத் தவறென்று உணர்வதாகக் காட்டப்படுகிறதா? இறுதியாக, நாம் கேட்கும் விளக்கம் குறை எழுமுன் வந்ததா, எழுந்தபின் வந்ததா?

இவ்வினாக்கள் திரைப்படத்தோடு முடிவனவல்ல. சாவான பாவத்திற்குக் கனமான காரியம் மட்டும் போதாது, முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படிக்கிறோம். செயலை மட்டும் பார்த்து உள்ளத்தைத் தீர்ப்பிட வேண்டாம் என்பதே அதன் கருத்து. தோழி ஒருத்தி கூடத்தில் நம்மைப் பாராமல் சென்றால், "வேண்டுமென்றே செய்தாள்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அவள் வீட்டுக் கவலையோ, கண்ணின் குறையோ காரணமாக இருக்கலாம். கேட்டறியும்வரை அதற்கு வழுவமைதி உண்டென்று கொள்வதே அன்பு.

நம் பிழை என்று வரும்போது மட்டும் இம்முறையை மாற்றிக்கொள்வோம். விடைத்தாள் திரும்பி வந்தபின், "நான் வேறு பொருளில்தான் எழுதினேன்" என்று காரணம் தேடுவது எளிது. பிறர் பிழைக்கு நல்ல காரணம் தேடுவோம். நம் பிழைக்குக் காரணம் புனையாமல் "வழு" என்று ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வோம். அவ்வாறு வாழ இறைவன் நமக்கு அருள்புரிவாராக.