வண்டி பூட்டிய பந்தயங்களும் சாதனைகளும்

"பாரம்பரிய விளையாட்டுகள்" என்று கட்டுரை வந்தால் நம் மாணவர்களில் பலர் கிளித்தட்டு, கபடி என எழுதி நிறுத்திக்கொள்வர். மாட்டுவண்டிச் சவாரியை எழுதுவோர் குறைவு. மஹய்யாவ, கட்டுக்கலைப் பகுதிகளில் வளரும் நீங்கள் அதை நேரில் காண வாய்ப்பும் குறைவு. நமக்குத் தெரிந்தது ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் குதிரைப் பந்தயமே. அங்கே ஓட்டுபவர் குதிரையின் முதுகில் இருப்பார். இப்பாடத்தில் வருவன வேறு வகை: விலங்கு வண்டியை இழுக்கும், ஓட்டுபவர் வண்டியில் இருப்பார்.

யாழ்ப்பாணம், வன்னிப் பகுதிகளில் இரு காளைகளைப் பூட்டிச் சவாரித் திடலில் ஓட்டுவர். தமிழ்நாட்டில் இது ரேக்ளா எனப்படும். கொங்கு நாட்டில் காங்கேயம் காளைகள் 200 அல்லது 300 மீற்றர் ஓடும். எடுத்த நேரமே வெற்றியைத் தீர்மானிக்கும். மதுரை, சிவகங்கைப் பக்கங்களிலோ பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து நெடுந்தூரம் சாலையில் ஓட்டுவர். முந்தி வந்தவர் வென்றவர்.

இவ்வேறுபாட்டைக் கவனியுங்கள். தூரத்தை அளந்து, நேரத்தையும் குறித்தால்தான் "சாதனை" என்ற சொல்லுக்கு இடமுண்டு. அமெரிக்காவின் வண்டிக்குதிரைப் பந்தயத்தில் இது தெளிவாகத் தெரியும். அங்கே குதிரை பாய்ந்தோடக் கூடாது. குறிப்பிட்ட நடையிலேயே விரைய வேண்டும். அளவு 1 மைல். 1845இல் லேடி சஃபோக் என்ற பெண்குதிரை 2 நிமிடம் 29½ செக்கனில் ஓடியது. 1897இல் ஸ்டார் பொயின்டர் முதன்முறையாக 2 நிமிடத்துக்குள் வந்தது. 2022இல் புல்டோக் ஹனோவர் 1 நிமிடம் 45.8 செக்கனை எட்டியது.

இவற்றுள் சுவையானது டான் பாட்ச் கதை. 1906இல் மினசோட்டாக் கண்காட்சியில் அது 1 நிமிடம் 55 செக்கனில் ஓடியது. முன்னே சென்ற வண்டியில் காற்றைத் தடுக்கும் மறைப்பு இருந்ததால் அந்நேரம் ஏற்கப்படவில்லை. உரிமையாளர் சவேஜ் அதை விளம்பரத்தில் விடாது பயன்படுத்தினார் என்பது வேறு விடயம்!

2020இல் கர்நாடகக் கம்பளா எருமைப் பந்தயத்தில் ஸ்ரீநிவாச கவுடா 142.5 மீற்றரை 13.62 செக்கனில் கடந்தார். 100 மீற்றருக்கு ஏறத்தாழ 9.55 செக்கன். போல்ட்டின் சாதனை 9.58 என்பதால் பத்திரிகைகள் ஒப்பிட்டன. எருமைகளின் இழுவை துணைநிற்கையில் இவ்வொப்பீடு பொருந்தாது. விடைத்தாளில் "போல்ட்டை வென்றார்" என எழுதாதீர்கள்.

மாடுகளின் துன்பத்தைக் காட்டி, 2014 மே 7இல் இந்திய உச்ச நீதிமன்றம் (நம் நாட்டில் உயர் நீதிமன்றம் என்போம்) சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் திருத்தங்கள் செல்லும் என 2023 மே 18இல் தீர்ப்பாயிற்று. குத்தியும் வாலை முறுக்கியும் விரட்டுவதைப் பண்பாடு என்று காக்க இயலாது என்பது என் கருத்து. நீங்கள் மறுபக்கம் எழுதலாம். காரணம் காட்டினால் புள்ளி உண்டு.

பயிற்சி
1. டான் பாட்சின் 1906ஆம் ஆண்டு நேரம் ஏன் ஏற்கப்படவில்லை?
2. கொங்கு நாட்டு ரேக்ளாவும் மதுரைப் பக்கத்துப் பந்தயமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. "மாட்டுவண்டிச் சவாரி தொடர வேண்டுமா?" 150 சொற்களில் எழுதுக.