பெயரைப் பிழையின்றிக் காட்டுவோம்

'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஏட்டில் ஒரே மாதிரி தோன்றிய காலம் ஒன்று உண்டு. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஓலை கிழியும் என்று எழுதுவோர் பல வேளைகளில் புள்ளியை விட்டுவிட்டனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு தந்து இக்குழப்பத்தை நீக்கினார். நம் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயத்தை எழுப்பியவரும் அவரே. அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தே அவர் திருத்தத்தால் ஐயமின்றி விளங்குகிறது.

இதே சிக்கலைக் கணிப்பொறிக் கல்வியிலும் காண்கிறோம். நிரல் எழுதும்போது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயரிடுகிறோம். 2008இல் வெளிவந்த பைத்தான் மொழியின் 3ஆம் பதிப்பு முதல் அப்பெயர் தமிழிலும் இருக்கலாம். அதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்வது உதவிக் குறிப்பு. மனிதர் பிழையை ஊகித்துத் திருத்திக் கொள்வர், கணிப்பொறி ஊகிக்காது. ஆதலால் உதவிக் குறிப்பு எழுதுவோர் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பெயரை உருமாற்றக் கூடாது. 'மொத்தம்' என்பது நிரலில் உள்ள பெயர் என்போம். "மொத்தத்தை அச்சிடுக" என்று குறிப்பு சொன்னால், புதிதாகக் கற்கும் மாணவி 'மொத்தத்தை' என்றே தட்டச்சு செய்வாள். அப்படி ஒரு பெயர் இல்லை என்று கணிப்பொறி மறுக்கும். "'மொத்தம்' என்னும் பெயரின் மதிப்பை அச்சிடுக" என்று எழுதினால் வேற்றுமை உருபு பெயரைத் தொடாது.

இரண்டாவது, பெயரின் எல்லை தெரிய வேண்டும். 'மொத்த-மதிப்பெண்' என்று நடுவே சிறுகோடு இட்டால், பைத்தான் அதனைக் கழித்தல் என்றே கொள்ளும். 'மொத்த_மதிப்பெண்' என்று அடிக்கோடு இட்டால் ஒரே பெயராகக் கொள்ளும். ஆர் என்னும் மொழியிலோ இடைவெளியுள்ள பெயரைச் சாய்ந்த ஒற்றைக் குறிகளுக்குள் அடைத்துத் தரலாம். எனவே குறிப்பிலுள்ள குறியைத் தட்டச்சு செய்ய வேண்டுமா, அது எல்லை காட்ட மட்டும் இடப்பட்டதா என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயரை வேறு எழுத்து வடிவில் அச்சிடுவதும் நன்று.

மூன்றாவது, பெயரை இடையில் வெட்டக் கூடாது. 'விருத்தாசலம்' என்பதில் நமக்கு 7 எழுத்துகள். கணிப்பொறியின் ஒருங்குறி முறையிலோ புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பெறுவதால் 12 குறிகள். இடம் போதவில்லை என்று 5 குறிகளோடு நிறுத்தினால் 'விருத' என்று புள்ளியிழந்து நிற்கும்.

நான்காவது, ஒத்த தோற்றத்தைச் சொல்லால் விளக்க வேண்டும். 'ஔவை' என்பதை ஔகாரத்தாலும் எழுதலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து 'ஒளவை' என்றும் எழுதிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணிப்பொறிக்கு அவை இரு வேறு பெயர்கள். "முதலெழுத்து ஔகாரம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இவை சிறியன என்று தள்ளத் தக்கவை அல்ல. குறிப்பைப் பார்த்து அப்படியே எழுதியும் நிரல் இயங்காதபோது, மாணவி குறிப்பைக் குறை கூறுவதில்லை. "எனக்கு இந்தப் பாடம் வராது" என்று தன்னையே நொந்து கொள்கிறாள். தெளிவற்ற ஒரு வரி அவளது ஆர்வத்தையே அணைத்துவிடக் கூடும்.

எனவே தோழியரே, குறிப்பேட்டில் ஒரு பெயரை எழுதும் முன் நம்மையே வினவுவோம்: பெயர் முழுமையாக உள்ளதா? அதன் தொடக்கமும் முடிவும் தெரிகின்றனவா? முதன்முறை படிப்பவருக்கு ஐயம் எழுமா? ஒரு புள்ளியிலும் ஒரு கொம்பிலும் நாம் காட்டும் கவனம், நமக்குப் பின் கற்க வருவோருக்கு நாம் செய்யும் உதவியாகும்.