வந்த பூச்சியும் வந்த குளவியும்

நுழையும்முன்

ஓர் உயிரினம் தன் தாயகத்தை விட்டு வேறு நிலத்தை அடையும்போது என்ன நிகழ்கிறது? அது அங்குப் பயன் தரலாம், பேரழிவையும் விளைவிக்கலாம். மரவள்ளிச் செடி, அதனைத் தாக்கும் மாவுப்பூச்சி, அப்பூச்சியை அடக்கும் குளவி ஆகிய மூன்றின் வழியாக இதனை அறிவோம்.

மாணவர்களே! நோன்பு நாள்களில் வட இந்திய இல்லங்களில் சமைக்கப்படும் சாபுதானா கிச்சடியை நீங்கள் சுவைத்திருப்பீர்கள். நம் வீட்டுப் பாயசத்தில் முத்துகளைப்போல் மிதக்கும் ஜவ்வரிசியே அந்தச் சாபுதானா. மரவள்ளிக்கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசியை நாட்டிற்குப் பெருமளவில் வழங்குவது தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் வட்டாரமாகும். அங்குள்ள உழவர் பலரின் வாழ்வு மரவள்ளியை நம்பியுள்ளது. அண்மையில் அவ்வாழ்வை ஒரு சிறு பூச்சி அச்சுறுத்தியது. அப்பூச்சியின் கதை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு கண்டத்தில் தொடங்கிவிட்டது.

மரவள்ளியின் பயணம்

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியரின் கப்பல்களில் ஏறி அது 16ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவை அடைந்தது. பின்னர்க் கேரளக் கரைக்கும் வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மக்களின் பசி போக்கும் பயிர் இது எனக் கண்டு இதனைப் பரப்பினார். மழை குறைந்தாலும், மண்வளம் குன்றினாலும் மரவள்ளி ஓரளவு விளைச்சல் தரும். ஆகவே, ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 20 கோடி மக்களின் அன்றாட உணவாக அது மாறியது.

மரவள்ளி கடல் கடந்தபோது, அதனை உண்ணும் மாவுப்பூச்சி தாயகத்திலேயே தங்கிவிட்டது. அதனால் பல தலைமுறைகள் ஆப்பிரிக்க மரவள்ளி அப்பூச்சியை அறியாமலேயே செழித்தது.

பகையின்றி வந்த பூச்சி

1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியின் மரவள்ளி வயல்களில் ஒரு புதிய நோவு தோன்றியது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாயின, தண்டுகள் குட்டையாகித் திருகின, கிழங்குகள் சிறுத்தன. இலைகளின் அடியில் வெண்ணிற மாவைத் தூவியதுபோல் பூச்சிகள் மொய்த்திருந்தன. அவை அங்கு முன்பு காணப்படாதவை. 1977ஆம் ஆண்டில் அறிவியலாளர் அப்பூச்சிக்குப் ‘பெனகாக்கஸ் மணிஹோட்டி’ எனப் பெயர் சூட்டினர்.

காற்று அப்பூச்சியின் குஞ்சுகளைச் சுமந்து சென்றது. உழவர்கள் நடுவதற்காக எடுத்துச் சென்ற தண்டுக்குச்சிகளிலும் அது ஒட்டிக்கொண்டு பயணம் செய்தது. பத்து ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அது பரவிவிட்டது. கிழங்கோடு, அடுத்த பருவத்தில் நடுவதற்குரிய நல்ல குச்சிகளும் கிடைக்காமற் போயின. பசி மக்களின் வாயிலில் வந்து நின்றது.

பெருகியதன் காரணம்

இப்பூச்சி இவ்வளவு விரைவாகப் பெருகியது ஏன்? முதற்காரணம் அதன் இனப்பெருக்க முறை. இவ்வினத்தில் பெண் பூச்சிகளே உள்ளன. ஆண் துணையின்றி ஒவ்வொரு பூச்சியும் சில நூறு முட்டைகளை இடும். இதனைக் கன்னி இனப்பெருக்கம் என்பர். ஆகவே, ஒரேயொரு பூச்சி புதிய நிலத்தை அடைந்தாலும் ஒரு பெருங்கூட்டம் உருவாகிவிடும்.

இரண்டாம் காரணம், பகையின்மை. தாயகத்தில் ஒரு பூச்சியும் அதன் இயற்கைப் பகையும் பன்னெடுங்காலமாக ஒன்றையொன்று எதிர்த்தே வாழ்ந்து வந்துள்ளன. தப்பும் திறன் மிக்க பூச்சிகள் எஞ்சி வழித்தோன்றல்களை ஈன்றன. அவற்றையும் தேடிப் பிடிக்க வல்ல பகைகள் எஞ்சிப் பெருகின. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக உயிரினங்களில் நிகழும் மாற்றமே பரிணாமம் எனப்படும். ஆப்பிரிக்காவின் பொறிவண்டுகள் சில, இப்புதிய பூச்சியையும் உண்டன. ஆயினும், அதனை மட்டுமே தேடி அடக்க வல்ல பகை அங்கில்லை. அத்தகைய பகை உருவாவதற்கு நெடுங்காலம் வேண்டும். பசித்த மக்களுக்கோ அவ்வளவு காலம் இல்லை.

பகையைத் தேடி

நைஜீரியாவின் இபடான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன், இதற்கு விடை காண முயன்றார். மரவள்ளியின் தாயகத்திலேயே பூச்சியும், பூச்சியின் பகையும் இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தேடல் எளிதாக இல்லை. தென் அமெரிக்காவின் வடபகுதியில் இதனைப் போன்றே தோன்றும் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால், அவ்வினத்தில் ஆண் பூச்சிகளும் இருந்தன. அதன் பகைகள் ஆப்பிரிக்கப் பூச்சியை அடக்கவில்லை. தோற்றம் ஒன்றாயினும் இனம் வேறு! இறுதியாக, 1981ஆம் ஆண்டில் ஆண்டனி பெல்லோட்டி என்னும் அறிஞர் பராகுவே நாட்டில் உரிய பூச்சியைக் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவைக் கலங்கச் செய்த பூச்சி, தன் தாயகத்தில் தேடிக் காணவேண்டிய அளவிற்கு அரிதாக இருந்தது. அங்கு அதனை அடக்கி வைத்திருந்த பகைகளுள் ஒன்று, ‘அனகைரஸ் லோபெசி’ என்னும் மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி.

இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளரும். இறுதியில் உலர்ந்த கூட்டைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி பறக்கும். இது மனிதரைக் கொட்டுவதில்லை. மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். ஆகவே, பூச்சி அடியோடு அழியாது. தீங்கு செய்ய இயலாத அளவிற்குக் குறைந்துவிடும்.

இங்கிலாந்தில் தனிமைப்படுத்தி ஆராய்ந்த பின்னர், அதே 1981ஆம் ஆண்டில் நைஜீரியாவில் குளவிகள் விடப்பட்டன. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அவை பரப்பப்பட்டன. சில இடங்களில் வானூர்தியிலிருந்தும் விடப்பட்டன. மரவள்ளி மீண்டும் தழைத்தது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில்

அதே மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் வயல்களையும் அடைந்தது. உழவர்கள் பூச்சிக்கொல்லிகளைத் தெளித்தனர். ஆனால், பூச்சியின் மெழுகுப் போர்வை மருந்தைத் தடுத்தது. மேலும், அளவுக்கு மிஞ்சிய நஞ்சு நன்மை செய்யும் பூச்சிகளையும் கொல்லும். நஞ்சைத் தாங்கிய தீய பூச்சிகள் எஞ்சிப் பெருகவும் வழி செய்யும். அதுவும் பரிணாமமே.

பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வரவழைத்து ஆராய்ந்தது. 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகள் உழவர்களுக்கு வழங்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டன.

ஆராயாமல் எந்தப் பகையையும் கொண்டுவருதல் கூடாது. அசுவினிப் பூச்சிகளை அழிப்பதற்காக ஐரோப்பாவிற்கும் வட அமெரிக்காவிற்கும் கொண்டு செல்லப்பட்ட ஆசியப் பொறிவண்டு, அங்குள்ள பொறிவண்டுகளையே நலியச் செய்தது.

நாம் அறிவது

மரவள்ளியும், மாவுப்பூச்சியும், குளவியும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. ஒன்று உணவானது, ஒன்று அழிவானது, ஒன்று காவலானது. எனவே, வெளியிலிருந்து வருவது எதுவாயினும் தீது என்பது பிழை. ஓர் உயிர் தன்னை அளவில் நிறுத்தும் உறவுகளிலிருந்து பிரிக்கப்படும்போதே தீங்கு தோன்றுகிறது.

விடுமுறையில் சொந்த ஊர் சென்று திரும்பும்போது நாம் விரும்பிய செடியின் குச்சியை உடன் எடுத்து வருவதுண்டு. அப்போது ஒரு நொடி நின்று, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கு ஒட்டியிருக்கும் வெண்மாவு, ஒரு நாட்டின் வயல்களையே வாடச் செய்ய வல்லது.

சொல்லும் பொருளும்

நோவு – நோய், துன்பம்
வழித்தோன்றல் – அடுத்த தலைமுறை
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து, அதனை உண்டு வாழும் உயிர்
நலிதல் – மெலிதல், குறைதல்
தழைத்தல் – செழித்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. மரவள்ளியை ஆப்பிரிக்காவிற்குக் கொண்டு சென்றவர் யாவர்?
2. கன்னி இனப்பெருக்கம் என்பது யாது?
3. முதலில் கிடைத்த மாவுப்பூச்சியின் பகைகள் பயன்படாமைக்குக் காரணம் என்ன?

ஆ. விரிவாக விடையளிக்க.
தாயகத்தில் அரிதாக இருந்த மாவுப்பூச்சி, ஆப்பிரிக்காவில் பெருந்தீங்காக மாறியது எவ்வாறு?

இ. பிரித்து எழுதுக.
பகையின்மை, வழித்தோன்றல், பன்னெடுங்காலம்

ஈ. செயல்பாடு
மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இவை இல்லாத உங்கள் வீட்டுச் சமையலைப் பற்றித் தாத்தா, பாட்டியிடம் உரையாடிப் பத்துத் தொடர்கள் எழுதுக.