ஐயமும் தெளிவும்

முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரை ஊர்ப்பொறுப்பிலிருந்து விலக்கிய அவையைப் பற்றிக் கூறுகிறது. ஆராய்ந்து நம்புதல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

2021 சனவரி 16ஆம் நாள் இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசிப் பணி தொடங்கியது. பெருந்தொற்று ஓயும் என்னும் நம்பிக்கையோடு, ஓராண்டுக்குள் உருவான மருந்தை ஏற்கலாமா என்னும் ஐயமும் மக்களிடம் எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நடிகர் விவேக், தடுப்பூசி செலுத்திக்கொண்ட மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி, 17ஆம் நாள் மறைந்தார். அச்சம் பரவியது. தேசியக் குழு ஆராய்ந்து, அவரது இறப்புக்குத் தடுப்பூசி காரணமன்று எனத் தெளிவுபடுத்தியது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது.

தடுப்பூசி குறித்த மற்றொரு பாடமும் இப்பகுதியில் உண்டு. உத்திரமேரூரை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி பேரளவில் ஆராயப்பட்டது. பல நாடுகளும் நம்பிய அவ்வூசி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என முடிவு வந்தது. ஏமாற்றம் தந்த அம்முடிவு மறைக்கப்படவில்லை. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் அவ்வூசி இன்றும் போடப்படுகிறது.

ஆகவே, ஐயுறுவோரை இகழ்தல் அறிவுடைமை ஆகாது. அவருக்குச் சான்றுடன் விடை கூறுதல் அறிஞர் கடன். விடை கிடைத்தபின்னும் வதந்தியைப் பற்றிக்கொண்டிருத்தல் ஐயம் அன்று, பிடிவாதம். தொற்றுக்காலத்தில் அப்பிடிவாதத்தின் விலை, பிறர் உயிராகவும் இருக்கக்கூடும்.