சோற்றை நிறுத்தியும் எடை இறங்கவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தேதான். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சியாளர் சொன்னபடி அரிசியை அடியோடு விட்டுவிட்டேன். காலையில் நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் காய்கறி சாலட், ஒரு கிண்ணம் சாம்பார், ஜிம் முடிந்ததும் புரோட்டீன் பவுடர் இரண்டு ஸ்கூப், இரவு மூன்று சப்பாத்தி. எண்ணெய் கிட்டத்தட்ட இல்லை. முதல் பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. அப்புறம் முள் அசையவே இல்லை. எடை தூக்கினால் கை நடுங்குகிறது, மதியத்துக்கு மேல் எல்லார் மீதும் எரிந்து விழுகிறேன். இப்போது பவுடரை மூன்று ஸ்கூப் ஆக்கச் சொல்கிறார். அம்மாவோ, "ஒரு பிடி சோறாவது சாப்பிடுடா" என்று தினமும் சண்டை. யார் சொல்வது சரி மேடம்? தொப்பை குறையணும், கொஞ்சம் தசையும் ஏறணும்.

பதில்: முக்கால்வாசி உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. மீதிக் கால்வாசியை அவரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மூன்று கிலோ. அதில் பெரும்பகுதி கொழுப்பு கரைந்ததால் வந்த குறைவு அல்ல. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு சில நாளில் கரையும், தண்ணீரும் கூடவே போய்விடும். எடை மெஷினில் இரண்டு கிலோ குறைவது இப்படித்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும், அது பத்து நாளில் மூன்று மடங்காக நடக்கிற காரியம் இல்லை.

கை நடுங்குவதற்கும் இதே கணக்குதான். எடை தூக்கும்போது தசை அதிகம் கை வைப்பது கிளைக்கோஜனில்தான். அது காலியாக இருக்கும்போது ஜிம்முக்குப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு, மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவை. சாப்பாட்டில் அது வராவிட்டால் ஈரல் புரதத்திலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும். காசு கொடுத்து வாங்கிய பவுடரில் ஒரு பகுதி தசைக்குப் போகாமல் இந்த வேலைக்குப் போகிறது.

அடுத்து ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய பட்டியலை அப்படியே கூட்டிப் பார்த்தேன். 1,000 கலோரியைத் தொடவில்லை. உங்கள் உடம்புக்கு, உட்கார்ந்த வேலையையும் சேர்த்து, சுமார் 2,200 கலோரி செலவாகும். உண்மையிலேயே அந்தப் பட்டியல் மட்டும்தான் உள்ளே போகிறது என்றால் எடை இறங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஆகவே எழுதாமல் விட்டது ஏதோ இருக்கிறது. சர்க்கரை போட்ட டீ எத்தனை? டீயோடு மிக்சர், பஜ்ஜி? ஞாயிற்றுக்கிழமை பிரியாணி? என்னிடம் வருகிறவர்களில் சோற்றை விட்டவர்கள் பலர் மாலை ஆறு மணிக்குப் பேக்கரியில்தான் நிற்கிறார்கள். அது மன உறுதிக் குறைவு இல்லை, பசி. பகலில் பட்டினி போட்டால் உடம்பு மாலையில் வசூலித்துக்கொள்ளும்.

இப்போது அம்மா கேட்க வேண்டிய பகுதி. சோறு குற்றவாளி இல்லை, ஆனால் நம் தட்டில் அதன் பங்கு அதிகம் என்பது உண்மை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் 2025 முடிவுப்படி, இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து சுமார் 12 சதவீதம்தான். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறியதில் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. கொஞ்சம் மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புரதத்தை வைத்தபோதுதான் குறைந்தது. மதியம் சோற்றைத் தள்ளிவிட்டு இரவு மூன்று சப்பாத்தி சாப்பிடும் உங்களுக்கு இது பொருந்தும். கோதுமையில் புரதமும் நார்ச்சத்தும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதுவும் மாவுதான். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதை நீங்கள் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

புரதம் எவ்வளவு வேண்டும்? சாதாரணமாக வேலை செய்யும் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். உங்களைப் போல எடை தூக்கிக்கொண்டே கொழுப்பையும் குறைக்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். நீங்கள் அடைய நினைக்கும் எடையை 68 கிலோ என்று வைத்து, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று கணக்கிட்டால் 80 முதல் 100 கிராம். ஏற்கெனவே 75 கிராம் வரை வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதில் ஐந்தில் மூன்று பங்கு டப்பாவிலிருந்து. மூன்றாவது ஸ்கூப் தேவையே இல்லை.

"நாங்கதான் தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் அதில் மொத்தமே 22 கிராம் புரதம். ஆளுக்கு ஐந்தரை கிராம். ஒரு முட்டையின் அளவுகூட இல்லை. அதனால் சாம்பாரைப் புரதக் கணக்கில் எழுதி ஏமாறாதீர்கள். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து தனியாக ஊற்றிக்கொள்ளுங்கள். பருப்பும் சோறும் சேர்வது நல்ல ஜோடி. அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற கூறு அரிசியில் இருக்கிறது. இட்லியிலும் அடையிலும் நம் பாட்டிகள் இதைத்தான் சத்தம் போடாமல் செய்து வைத்தார்கள்.

முட்டையின் மஞ்சள் கருவை எறிவதை இன்றோடு நிறுத்துங்கள். முட்டையில் உள்ள புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது, வைட்டமின்களில் பெரும்பகுதியும் அங்கேதான். நான்கு வெள்ளைக்குப் பதில் இரண்டு முழு முட்டை போதும். கொலஸ்ட்ரால் அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலையில் மூன்று இட்லி, இரண்டு முட்டை. மதியம் ஒன்றரைக் கப் சோறு, கெட்டிப் பருப்பு, தட்டில் பாதிக்குப் பொரியல், ஒரு கிண்ணம் தயிர், அதோடு 100 கிராம் மீனோ கோழியோ. சைவ நாள் என்றால் 40 கிராம் சோயா உருண்டையை வேகவைத்துக் குழம்பில் போடுங்கள், அதிலேயே 20 கிராம் புரதம் கிடைத்துவிடும். மாலை ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்பு 50 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல், வயிற்றில் கனமாகத் தோன்றினால் ஒரு வாழைப்பழம். இரவு இரண்டு அடை, ஒரு டம்ளர் பால். புரதம் 80 கிராமைத் தொட்டுவிடும், கலோரி சுமார் 1,800-இல் நிற்கும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று பயமுறுத்துவதை நம்ப வேண்டாம். நாள் முழுக்கச் சேரும் அளவுதான் முக்கியம். பவுடர் பாலிலிருந்து எடுப்பதுதான், விஷமில்லை. சமைக்க முடியாத நாளில் ஒரு ஸ்கூப் குடித்துக்கொள்ளலாம்.

எண்ணெய் பற்றிச் சுருக்கமாக. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், ஹார்மோன்கள் சிலவற்றைச் செய்யவும் வேண்டும். அடியோடு நிறுத்தாதீர்கள். ஆனால் புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. செக்கு எண்ணெய் என்பதால் அது குறைந்துவிடாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றி வாங்குங்கள். மத்தி மீன் கிடைத்தால் விடாதீர்கள், ஒமேகா 3 அதில் தாராளம். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிப்புக்கு எடுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை மட்டும் அம்மா விட வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை: மறுபடி சோறு சாப்பிடத் தொடங்கிய வாரத்தில் எடை ஒன்றரைக் கிலோ வரை ஏறலாம். போன தண்ணீர் திரும்பி வருகிறது, பயந்து மறுபடி நிறுத்திவிடாதீர்கள். தினமும் எடை பார்க்காமல் வாரம் ஒருமுறை பாருங்கள், தொப்புளைச் சுற்றி டேப் வைத்தும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தசை ஏறி கொழுப்பு குறையும்போது முள் அசையாது, டேப் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, அடுத்த டப்பா வாங்கும் காசில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இரண்டும் வேண்டும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மேலே சொன்ன புரத அளவு உங்களுக்குப் பொருந்தாது. அப்போது மருத்துவர் சொல்லும் அளவுதான்.